ஒருக்களித்துப் படுத்தால் தோள் வலிக்கிறதா?

(சின்னக்கானலில் நடைபெற்ற குடும்ப சந்திப்பின் இரண்டாம் நாள் காலையில் ஆற்றிய உரை. பிற ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களுக்காக இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே "முதுமையில் தேகப்பயிற்சி" என்று அச்சாகியிருக்கிறது. அதை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு இப்போது வேறொன்று பேசப் போகிறேன். செயலாளரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. காரணம், இன்று காலை காபிக்கு வரிசையில் நின்றபோது என் காதில் விழுந்தது எல்லாம் ஒரே பேச்சுத்தான். "ராத்திரி பூரா இந்தத் தோள் இருக்கே, பிராணனை வாங்கிடுத்து" என்று ஒரு மாமி. "எனக்கு இடது பக்கம், உங்களுக்கு?" என்று இன்னொரு மாமி. பல் தேய்க்கக் கையைத் தூக்க முடியவில்லை என்று பெங்களூரிலிருந்து வந்த ஒரு மாமா. எண்ணிக்கொண்டே வந்தேன், ஏழு பேர். முப்பத்திரண்டு வருஷம் பிஸியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஏழு தோள் ஒரே வரிசையில் நின்றால் விட்டுவிட மனசு வருமா?

ஊரில் இருந்தபோது இல்லாத வலி இங்கே வந்த முதல் ராத்திரியே ஏன் வந்தது? அதை முதலில் பார்த்துவிடலாம். நேற்று நாம் எல்லோரும் பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்து வந்தோம். சிலர் எர்ணாகுளம், அடிமாலி வழியாக. எங்களைப் போன்றவர்கள் போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு, பூப்பாறை வழியாக. வளைவுக்கு வளைவு முன் ஸீட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்த கை யாருடைய கை? அதே தோள்தான். பிறகு, இருட்டினால் வெளியே போகக்கூடாது என்று விடுதிக்காரர் சொல்லிவிட்டார். இது யானை நடமாடும் இடம். அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்துப் பேர் வாங்கிய அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் இங்கேதான் பிடித்து லாரியில் ஏற்றிப் பெரியாறு காட்டுக்குக் கொண்டு போனார்கள். அது போய்விட்டது, ஆனால் மற்ற யானைகளுக்கு வேறு ஊர் கிடையாதே. ஆகவே எட்டரை மணிக்கே எல்லோரும் படுக்கை. குளிர் வேறு. கால்களைச் சுருட்டி, கைகளை மார்போடு சேர்த்து, கனமான கம்பளியைத் தலைவரை இழுத்து மூடி, ஒருக்களித்து ஒரே பக்கமாகப் பத்து மணி நேரம். கம்பளியின் கனத்தில் புரளவும் தோன்றாது, புரண்டால் குளிர் உள்ளே வந்துவிடும் என்ற பயம் வேறு. தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

இந்தக் குளிரும் கம்பளியும் இங்கே மட்டும்தான். ஆனால் ஒருக்களித்துப் படுப்பது எல்லா ஊரிலும் உண்டு. பெரியவர்கள் தூக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட நேரம் பக்கவாட்டில்தான் கிடக்கிறார்கள் என்று உடம்பில் சிறு கருவி கட்டி அளந்து பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. வயது ஏற ஏற இந்தப் பழக்கம் கூடுகிறது. அதோடு, புரள்வது குறைகிறது. குழந்தை ஒரு ராத்திரியில் கட்டிலின் நாலு மூலையையும் பார்த்துவிடும். தாத்தா எந்தப் பக்கம் படுத்தாரோ அந்தப் பக்கமே எழுந்திருப்பார். மும்பையில் இருந்தாலும் சரி, டில்லியில் இருந்தாலும் சரி, நம்மில் ஐம்பது தாண்டியவர்களுக்குத் தோள் வலி சாதாரணமாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

தோளுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் இடது கையால் வலது தோளின் உச்சியைத் தொட்டுப் பாருங்கள். கடினமாக ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அது ஒரு கூரை மாதிரி. அதற்குக் கீழே கை எலும்பின் உருண்டைத் தலை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்து மிகவும் குறுகலானது. அந்தச் சந்துக்குள்தான் கையைத் தூக்குகிற தசைநாண் ஒன்று ஓடுகிறது. அது உரசாமல் இருக்க, வழுவழுப்பான திரவம் கொண்ட மெல்லிய பை ஒன்றும் இருக்கிறது. டாக்டர்கள் பர்ஸா என்பார்கள். நாம் ஒருக்களித்துப் படுக்கும்போது உடம்பின் மேல்பாதி எடை முழுவதும் கீழே இருக்கிற தோள் முனைமேல் இறங்குகிறது. தோள் காதுப் பக்கமாகத் தள்ளப்படுகிறது. சந்து இன்னும் குறுகுகிறது. தசைநாணும் பையும் நசுங்குகின்றன. நசுங்கிய இடத்துக்கு ரத்தம் சரியாகப் போகாது. ஒரு மணி நேரம் என்றால் பொறுத்துக்கொள்ளும், ராத்திரி பூரா என்றால் காலையில் கேள்வி கேட்கும்.

இது வெறும் ஊகமில்லை. ஆரோக்கியமானவர்களின் தோள் சந்துக்குள் மெல்லிய குழாய் வைத்து, படுக்கும் விதத்துக்குத் தகுந்தபடி அழுத்தம் எப்படி மாறுகிறது என்று அளந்து 2010-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மல்லாந்து படுக்கும்போது அழுத்தம் மிகக் குறைவு. ஒருக்களித்தாலும் குப்புறப் படுத்தாலும் கூடுதல். டென்மார்க்கிலிருந்து 2012-ல் வந்த இன்னோர் ஆய்வில், ஒரு பக்கத் தோள் மட்டும் வலிக்கிறவர்கள் பெரும்பாலும் அதே பக்கம் படுக்கிறவர்களாக இருந்தார்கள்.

அப்படியானால் இனிமேல் மல்லாந்து படு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாமா? முடியாது. ஒருக்களித்துப் படுப்பதில் நன்மைகள் நிறைய இருக்கின்றன. குறட்டை குறையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு மல்லாந்து படுப்பதே ஆகாது. இடது பக்கம் படுத்தால் நெஞ்செரிச்சல் குறையும், இரைப்பையின் அமைப்பு அப்படி. சாப்பிட்டதும் வாமகுக்ஷி என்று நம் பெரியவர்கள் இடப்பக்கம் சாய்ந்தது வீணில்லை. பழக்கத்தை விடவேண்டாம், படுக்கிற விதத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கே தலையணை விஷயத்துக்கு வருகிறேன். தோள் வலிக்குத் தலையணையா என்று கேட்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது கழுத்துக்கும் மெத்தைக்கும் நடுவே தோளின் அகலத்துக்கு ஒரு இடைவெளி வருகிறது. அதை நிரப்புவதுதான் தலையணையின் வேலை. தலையணை தட்டையாக இருந்தால் தலை கீழே சரியும், எடை தோள்மேல் ஏறும். உடனே நாம் என்ன செய்கிறோம்? கையை மடித்துத் தலைக்கு அடியில் கொடுக்கிறோம். அதுதான் எல்லாவற்றிலும் கெட்ட நிலை. கை மேலே போகப் போகச் சந்து குறுகும், அதன்மேல் தலையின் பாரமும் சேரும். காலையில் கை மரத்துப் போவதும் இதனால்தான்.

நான் இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், "பள்ளிகொண்ட பெருமாளே கையைத் தலைக்கு முட்டுக் கொடுத்துத்தானே சயனித்திருக்கிறார்" என்பார். அவருக்கு ஆதிசேஷன் மெத்தை. நமக்குக் கிடைத்திருப்பது விடுதி மெத்தை.

எவ்வளவு உயரம் வேண்டும் என்றால், ஆத்துக்காரரையோ பெண்ணையோ பிள்ளையையோ கட்டிலின் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மூக்கும் மோவாயும் மார்பின் நடுக்கோடும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். தலை மெத்தைப் பக்கம் சாய்ந்திருந்தால் தலையணை போதாது, கூரைப் பக்கம் தூக்கியிருந்தால் அதிகம். சாதாரணமாக, தலையால் அழுத்திய பிறகும் நாலிலிருந்து ஆறு அங்குலம் நிற்கவேண்டும். அகன்ற தோள்காரருக்குக் கொஞ்சம் கூடுதல். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே அளவுத் தலையணை என்பது ஜோடியாக விற்கிற கடைக்காரருக்கு மட்டும்தான் சௌகரியம்.

நேற்று வரும் வழியில் போடியில் பஸ் நின்றபோது இலவம் பஞ்சு மெத்தை தலையணைக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். தேனி ஜில்லாவில், குறிப்பாகப் போடிப் பக்கம், இலவ மரம் நிறைய. ஏலக்காய்க்கு அடுத்தபடி அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இலவம் பஞ்சுதான். இது உடம்புச் சூட்டை அடக்கி வைக்காது, தலையின் வடிவத்துக்கு இடம் கொடுக்கும். ஒரு குறை உண்டு, நாளாக நாளாக அமுங்கிவிடும். வெயிலில் காயவைத்துத் தட்டினால் கொஞ்சம் எழும். ஒரு கட்டத்துக்குமேல் எழாது. பாட்டி கொடுத்த தலையணை என்று இருபது வருஷமாக அப்பளம் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டிருப்பவர்கள், உறையைப் பிரித்துப் புதுப்பஞ்சு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். நுரைத் தலையணை, ரப்பர் தலையணை எல்லாம் கெட்டதில்லை. உயரம் சரியாக இருந்தால் எதுவும் சரி. விலை கூடினால் வலி குறையும் என்று ஒரு கணக்கும் கிடையாது.

மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. சிமெண்டுத் தரையில் வெறும் பாய் விரித்து ஒருக்களித்தால் தோள் முனை நேராகத் தரையில் குத்தும். விரதத்துக்காகத் தரையில் படுக்கிறவர்கள் பாய்க்கு மேல் நாலாக மடித்த ஜமக்காளமாவது போட்டுக்கொள்ளலாம். அதேபோல், உட்கார்ந்தால் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிற மெத்தையும் உதவாது, புரளவே விடாது.

இப்போது ஒன்று சொல்கிறேன். இன்று விடிந்ததும் சூரியநெல்லிப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தேன். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் எதிரே வந்தார்கள். எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். 1877-ல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து மன்றோ என்ற துரை கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். அதற்குப் பிறகு காட்டை வெட்டித் தோட்டம் போட மதுரை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் இவர்கள். ஒரு அம்மாள் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். என் தொழில் புத்தி, நின்று கேட்டுவிட்டேன். "இது பத்து வருசமா இருக்கும்மா. பகல்ல தெரியாது, ராவுல படுத்தாத்தான் தெரியும்" என்றார். எப்படிப் படுப்பீர்கள் என்றேன். "இடப்பக்கந்தான். வலப்பக்கம் படுத்தா செத்தேன். பழைய சேலையச் சுருட்டி மூட்டையாக் கட்டி வச்சிருக்கேன், புள்ளையக் கட்டிக்கிறாப்புல அதைக் கட்டிக்கிட்டு அது மேல இந்தக் கையப் போட்டுக்கிருவேன். அப்பத்தான் தூக்கம் வரும்" என்றார்.

என்னிடம் படிக்க வந்த மாணவிகளுக்கு நான் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததை இந்த அம்மாள் லயத்து அறையில் தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாறு சாலையில் உட்கார்ந்த பெண்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். அப்போது நாள் கூலி 232 ரூபாய். அந்தக் கூலிக்கு நாள் முழுக்கக் கையை முன்னே நீட்டிக் கிள்ளுவதும், கத்தரியால் வெட்டுவதும், நிறைந்த மூட்டையை எடை போடுகிற இடம்வரை சுமப்பதும் அதே தோளால். நமக்குத் தோள் வலித்தால் தூக்கம் கெடுகிறது. அவருக்குத் தோள் போனால் அடுப்பு எரியாது. அவரிடம் நான் சொன்னது இரண்டே விஷயம், ஊஞ்சல் பயிற்சி ஒன்று, சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொன்னது ஒன்று. இரண்டையும் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சேலை மூட்டை. வலிக்கிற தோள் மேலே இருக்கும்படி நல்ல பக்கம் படுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மேலே இருக்கிற கை மார்பைத் தாண்டி முன்னால் சரிந்து மெத்தையில் விழும். ராத்திரி பூரா அந்தத் தோளை முன்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே மார்புக்கு முன்னால் ஒரு தலையணை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அதன்மேல் இருக்கட்டும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே இன்னொன்று. மேல்கால் முன்னே சரிந்தால் இடுப்பும் முதுகும் அதோடு உருண்டு கீழ்த்தோளை நசுக்கும், அதைத் தடுக்கத்தான்.

மல்லாந்து படுக்க முடிகிறவர்கள் வலிக்கிற பக்கத்து மேற்கைக்கு அடியில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, ஒரு துண்டை மடித்து வையுங்கள். இல்லாவிட்டால் முழங்கை பின்னால் இறங்கி, தோள் மூட்டு முன்னால் துருத்தும்.

வலிக்கிற பக்கத்தில்தான் தூக்கம் வருகிறது என்கிறவர்களும் உண்டு. இரண்டு மூன்று வாரமாவது அந்தப் பக்கம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முடியவில்லை என்றால், படுத்தவுடன் மற்றக் கையால் கீழ்த்தோளை முன்பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டு, உடம்பைச் சற்றே பின்னால் சாய்த்து, முதுகுக்கு ஒரு உருட்டுத் தலையணையை அண்டை கொடுங்கள். எடை தோள் முனையிலிருந்து முதுகுப் பக்கத்துத் தட்டை எலும்புக்கு மாறிவிடும். இங்கே குளிருக்கு ஒரு கனமான கம்பளிக்குப் பதில் இரண்டு மெல்லிய போர்வையும் முழுக்கை ஸ்வெட்டரும் காலுக்கு ஸாக்ஸும் போட்டுக்கொண்டால் தோளைக் குறுக்கிக்கொள்ளவும் வேண்டாம், புரளவும் எளிது.

இந்த மாற்றங்களைச் செய்தால் வெறும் அழுத்தத்தால் வந்த வலி இரண்டு மூன்று வாரத்தில் நன்றாகக் குறையும். காலையில் இருந்து, வெந்நீரில் குளித்துக் கொஞ்சம் கையை ஆட்டியதும் போய்விடுகிற வலி இது. கை எல்லாப் பக்கமும் போகும்.

போகவில்லை என்றால் அது வேறு விஷயம். நான் இன்று முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். பாலக்காட்டில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி, அப்போது ஐம்பத்தெட்டு வயது. ராத்திரி வலி. ஒருக்களித்துப் படுத்ததால் என்று அவரும் நினைத்தார், ஆத்தில் எல்லோரும் நினைத்தார்கள். வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ஒரு ஆவணி அவிட்டத்தன்று மடிசார் கட்டிக்கொள்ளப் போனால், கச்சத்தைப் பின்னால் செருகக் கை போகவில்லை. நாட்டுப்பெண் செருகிவிட்டாள். ரவிக்கை மாட்டுவதற்கும் அவள்தான் உதவியாக இருந்திருக்கிறாள், இரண்டு மாதமாக, யாரிடமும் சொல்லாமல். நான் அவரை முழங்கையை இடுப்போடு ஒட்டி மடித்துக்கொண்டு, கதவைத் திறக்கிற மாதிரி முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். வலக்கை திறந்தது. இடக்கை அசையவே இல்லை, நான் பிடித்துத் திருப்பியும் வரவில்லை. தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிட்டது. சர்க்கரை பார்த்தால் ஏராளம். அதுவரை அவருக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. தோள்தான் காட்டிக்கொடுத்தது.

பாஸ்டன் நகரத்து ஸர்ஜன் எர்னஸ்ட் காட்மன் 1934-ல் தோளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த வியாதிக்கு "ஃப்ரோஸன் ஷோல்டர்" என்று பெயர் வைத்தார், உறைந்த தோள். பெரும்பாலும் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வரும், பெண்களுக்குக் கூடுதல். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும், எலும்பு முறிவுக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு கையை வெகுநாள் அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி நம் தேசத்தில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். கேரளத்தில் பெரியவர்களில் நாலில் ஒருவர். இந்த ஹாலில் எத்தனை பேர் என்று கையைத் தூக்கச் சொல்லவில்லை, சிலரால் தூக்க முடியாது.

ஆகவே தோள் வலி வந்தால் கண்ணாடி முன் நின்று மூன்று காரியம் செய்து பாருங்கள். கை தலைக்கு மேலே காதை ஒட்டிப் போகிறதா? முழங்கையை ஒட்டி வைத்துக்கொண்டு கதவு திறக்கிறதா? கை முதுகுப் பின்னால் கச்சம் செருகுகிற இடத்துக்குப் போகிறதா? புருஷர்களுக்குப் பஞ்சகச்சம் இருக்கிறது, தர்ப்பணத்தின்போது பூணூலை வலத்தோளுக்கு மாற்றுவது இருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை உங்கள் தோளுக்கு ஒரு பரீட்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது, கவனித்தால் போதும். இரண்டு தோளுக்கும் வித்தியாசம் தெரிந்தால் டாக்டரிடம் போங்கள், சர்க்கரையும் பாருங்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. தானாகத் தூக்கினால் கை வரவில்லை, பிறர் பிடித்துத் தூக்கினால் முழுக்க வருகிறது என்றால் உறையில் கோளாறில்லை, தசைநாண் கிழிந்திருக்கலாம். கீழே விழுந்த பிறகு இப்படி ஆனால் நாள் கடத்தவே கூடாது.

உறைந்த தோள் தானாக இளகும் என்பது பெரும்பாலோருக்கு உண்மைதான். ஆனால் ஒரு வருஷமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் பிடிப்பு நின்றுவிடும். ஆரம்பத்திலேயே போனால் மூட்டுக்குள் ஊசி போட்டு வலியைக் குறைத்துப் பயிற்சியை ஆரம்பிக்கலாம். அந்த ஊசியால் சில நாட்கள் சர்க்கரை ஏறும், டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாமிக்குப் பதினாலு மாதம் ஆயிற்று. அடுத்த வருஷத்து ஆவணி அவிட்டத்துக்கும் நாட்டுப்பெண்தான் செருகிவிட்டாள், அதற்கடுத்த வருஷம் தானே.

ஊஞ்சல் பயிற்சி என்றேனே, அதுவும் காட்மன் பெயரால் வழங்குவதுதான். நல்ல கையை ஒரு மேஜைமேல் ஊன்றி, இடுப்பை முன்னால் வளைத்து, வலிக்கிற கையைத் தொங்கவிடுங்கள். தோளைத் தளர்த்திவிட வேண்டும். உடம்பை மெல்ல ஆட்டினால் கை தானாக முன்னும் பின்னும் ஆடும், பிறகு சிறு வட்டமாக. கையால் கையை வீசக்கூடாது, கோயில் மணியின் நாக்கு மாதிரி அது தொங்கி ஆடவேண்டும். இரண்டு நிமிஷம், நாளைக்கு மூன்று வேளை, படுக்கப் போகுமுன் கட்டாயம் ஒரு தடவை. தலைசுற்றல் உள்ளவர்கள் பக்கத்தில் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். வலி கொஞ்சம் அடங்கியபின் சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் பல்லி மாதிரி மேலே ஏறி, முடிகிற இடத்தில் பத்து எண்ணி இறங்குவது. பென்ஸிலால் கோடு போட்டு வைத்தால் வாரா வாரம் எத்தனை அங்குலம் ஏறினோம் என்று தெரியும். பயிற்சி செய்த வலி அரைமணியில் அடங்கவேண்டும். மறுநாள் வரை இருந்தால் அதிகமாகச் செய்துவிட்டீர்கள்.

தைலத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். கேரளத்தில் நின்றுகொண்டு கொட்டஞ்சுக்காதியையும் முறிவெண்ணெயையும் குறை சொல்ல எனக்குத் தைரியமில்லை, அவசியமும் இல்லை. இதமான சூட்டில் தடவி, வெந்நீர் ஒத்தடம் பதினைந்து நிமிஷம் கொடுத்தால் தசை இளகும், அதற்குப் பிறகு பயிற்சி எளிதாக வரும். ஆனால் வலிக்கிற தோள் முனையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள், ஏற்கெனவே நசுங்கினதை மேலும் நசுக்கவேண்டாம். சர்க்கரையால் உணர்ச்சி மங்கியவர்கள் ஒத்தடத்தின் சூட்டை வேறொருவர் பார்த்த பிறகு வையுங்கள். வலி மாத்திரையை மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளவேண்டும்.

தோளில் வலிப்பதெல்லாம் தோளிலிருந்து வருவதில்லை. இடது தோளும் நெஞ்சும் சேர்ந்து அழுத்தி, வியர்வையோ மூச்சுத் திணறலோ இருந்தால் தலையணையைத் தேடவேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெய்யும் எண்ணெயுமாகச் சாப்பிட்ட பிறகு வலது தோள்பட்டையில் வலி வந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை இறங்கி மரத்தால் கழுத்து எலும்பைப் பார்க்கவேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு இரண்டு தோளும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டு, காலையில் முக்கால் மணிக்குமேல் விறைப்பு இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஜுரம், காரணமில்லாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் ஓயாத ராத்திரி வலி, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போகத் தாமதிக்க வேண்டாம்.

கேள்விகள் இரண்டு துண்டுச் சீட்டில் வந்திருக்கின்றன. ஒருவர் காந்த மெத்தை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். காந்தத்தால் தோள் வலி குறைகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. அந்தப் பணத்துக்குப் போடியில் வீட்டில் எல்லோருக்கும் தலையணை வாங்கிவிடலாம்.

இன்னொரு சீட்டு, நியூஜெர்ஸியில் இருக்கும் பெண்ணுக்காக ஒரு தாயார் எழுதியது. ஏழு மாதம், இடப்பக்கம்தான் படுக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்லி, இடது தோள் போய்விட்டதாம். வலப்பக்கமும் படுக்கலாம் என்று அவளிடம் சொல்லுங்கள் மாமி. கடைசி மூன்று மாதத்தில் மல்லாந்து தூங்குவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள், இடமோ வலமோ இரண்டும் சரிதான். அவளுடைய டாக்டர் வேறு காரணத்துக்காக இடப்பக்கம் மட்டும் என்று சொல்லியிருந்தால் அதன்படி நடக்கட்டும். வயிற்றுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை, முழங்கால் நடுவே ஒன்று, கட்டிக்கொள்ள ஒன்று. நடுராத்திரி எழுந்திருக்கும்போதெல்லாம் பக்கம் மாறிப் படுக்கட்டும். தாய்க்கும் குழந்தைக்கும் என் ஆசிகள்.